பாதாம் கொட்டை இல்லை அது

அதை நான் குழவியால் உடைக்கத்தான் எடுத்தேன்.

எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்பு அடையாற்றில், கிண்டிக் காட்டுச் சுவருக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. வாசலில் ஒரு பாதாம் மரம். இரண்டாவது மாடியில் இருக்கும் எங்கள் பால்கனிக்குள் அது கிளையை நீட்டிக்கொண்டு நிற்கும். இலையெல்லாம் சிவந்து கொட்டும் சமயத்தில் காய்ந்த கொட்டைகளும் சேர்ந்து விழும். பள்ளிக்கூடத்து நாளிலிருந்தே எனக்கு அந்தக் கொட்டை மேல் ஒரு ஆசை. கல்லால் நாலு போடு போட்டால், உள்ளே சுருட்டி வைத்த மாதிரி ஒல்லியாக ஒரு பருப்பு வரும். பாதி நேரம் அதுவும் நசுங்கிப் போயிருக்கும். இருந்தாலும் உடைப்பேன். வீட்டிலேயே கிடப்பவளுக்கு எதையாவது உடைக்கக் கிடைப்பதே பெரிய விஷயம்.

அன்றைக்குக் குரங்குகள் மரத்தில் ஆடிவிட்டுப் போயிருந்தன. பால்கனித் தரையில் ஒடிந்த குச்சிகள், காய்ந்த இலை, கொட்டைகள். பொறுக்கியதை ஒரு முறத்தில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். என் கணவர் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார். இரண்டு கொட்டைகளை உடைத்தாயிற்று. மூன்றாவதாகக் கையில் வந்தது கொஞ்சம் குண்டாக, சாம்பல் கலந்த பழுப்பாக இருந்தது. குழவியை ஓங்கினேன்.

"அப்புறம்," என்றார் அவர். "அப்புறம், அப்புறம், அப்புறம்."

இந்தச் சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால் போனது. பேச்சும் போனது. போன பேச்சு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு சொல்லை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போயிற்று. பசித்தாலும் அப்புறம், முதுகு அரித்தாலும் அப்புறம், டிவியை மாற்றச் சொன்னாலும் அப்புறம். பேச்சு இருந்த காலத்திலேயே அவருக்கு மிகவும் பழக்கமான சொல் அதுதான். ஃபோனை எடுத்தால் "அப்புறம்?" என்பார், எதிரில் இருப்பவர் தன் கதையையெல்லாம் கொட்டுவார், இவர் மறுபடி "அப்புறம்?" என்பார். ஊட்டிக்குப் போகலாமா என்று நான் கேட்டால் அதே சொல் வேறு ராகத்தில் வரும்: "அப்புறம் பாக்கலாம்." எத்தனையோ அப்புறங்களை நம்பி உட்கார்ந்திருந்தவள் நான். கடைசியில் அந்தச் சொல்லோடு என்னைப் பூட்டி வைத்துவிட்டார் என்று தோன்றும். சில நாள் அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கும் வந்தது. "சரி, அப்புறமே உடைக்கிறேன், ஆள விடுங்க," என்று கையில் இருந்ததை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு எழுந்தேன். கொட்டையை இப்போது உடைக்காதே, அப்புறம் உடை என்கிறார் என்றுதான் நான் அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஜன்னலைத் துடைக்கும்போது அதை எடுத்துப் பார்த்தேன். பாதாம் கொட்டைக்கு இரண்டு பக்கமும் கத்தி முனை மாதிரி ஒரு விளிம்பு இருக்கும். இதில் அது இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே உருட்டு. ஒரு முனையிலிருந்து காம்பு மாதிரி கறுப்பாக ஒன்று நீண்டு, ஒடிந்த குச்சியை மோதிரம் போலச் சுற்றிப் பிடித்திருந்தது. எந்தக் காயும் தன் கிளைக்குத் தானே மோதிரம் போட்டுக்கொள்ளாது. காதருகே வைத்து ஆட்டினேன். உள்ளே கனமாக ஏதோ ஒன்று மெத்தென்று இடித்தது. பயத்தில் கீழே போட்டுவிட்டேன்.

என் கணவர் கிண்டி தொழிற்பேட்டையில் லேத் மெஷினில் இரும்பு கடைந்தவர். உருண்டையான ஒன்றைக் கையில் கொடுத்தால் எங்கே சரியாக இல்லை என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார். தோசைக்கல் கோணலாக இருக்கிறது என்று கடைக்காரரோடு வாதாடி என் மானத்தை வாங்கியவர். அது கொட்டை இல்லை என்று அவருக்குத் தெரிந்துதான் என்னைத் தடுத்தாரா? இல்லை, எப்போதும் சொல்வதைச் சொன்னபோது நான் தற்செயலாக நிறுத்தினேனா? அவரையே கேட்டேன். "இது என்னன்னு தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"அப்புறம்," என்றார், மரத்தைப் பார்த்துக்கொண்டு.

இது வெறும் ஆர்வத்துக்குக் கேட்ட கேள்வி இல்லை. அந்தச் சமயத்தில் என் தலைக்கு மேல் ஒரு முடிவு தொங்கிக்கொண்டிருந்தது. பெங்களூரில் இருக்கும் என் மகன், பெருங்குடிப் பக்கம் ஒரு இல்லத்தைப் பார்த்து வைத்திருந்தான். இந்த மாதிரி நோயாளிகளை முழுநேரமும் பார்த்துக்கொள்கிற இடம். நான் சம்மதம் சொன்னால் போதும், வந்து அழைத்துப் போய்ச் சேர்த்துவிடுவான். இன்னொரு பக்கம் தி.நகரில் நான் வேலை பார்த்த புடவைக் கடையின் சூப்பர்வைசர் அம்மா ஃபோன் செய்திருந்தார். ஆடித் தள்ளுபடிக்கு ஆள் போதவில்லை, ஆடி பிறப்பதற்குள் சொன்னால் பழைய செக்‌ஷனிலேயே நிற்கலாம் என்றார்.

எனக்குப் போக ஆசையாக இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? அந்தக் கூட்டம் வேண்டும், கால் கடுக்க நிற்க வேண்டும், மதியம் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கைவிட்டுச் சாப்பிட வேண்டும். எங்கள் வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது. அவரைக் கீழே இறக்க நாலு ஆண்கள் வேண்டும். காலையில் ஒரு பெண் வந்து அவரைக் குளிப்பாட்டிவிட்டுப் போவாள். அவள் இருக்கும் நேரத்துக்குள் நான் காய் வாங்கித் திரும்பிவிட வேண்டும். பிறந்து வளர்ந்த சென்னை எனக்கு அந்த நேரத்துக்குள் போய்வரும் தூரமாகச் சுருங்கிவிட்டது.

"அவருக்கு எதுவும் புரியலன்னா, எங்க இருந்தா என்னம்மா?" என்றான் மகன். கல்நெஞ்சுக்காரன் இல்லை அவன், என் கஷ்டத்தைப் பார்த்துத்தான் சொன்னான். டாக்டரிடம் கேட்டால், எவ்வளவு புரிகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆக, எல்லாம் அந்த ஒரு கேள்வியில் வந்து நின்றது. உள்ளே ஆள் இருக்கிறாரா, இல்லையா? இல்லை என்று யாராவது சொல்லிவிட்டால் நான் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, தி.நகர் பஸ் ஏறிவிடுவேன்.

அந்த உருண்டையைப் படம் எடுத்து, பூச்சிகளைப் பார்ப்பவர்கள் இருக்கும் ஒரு ஃபேஸ்புக் குழுவில் போட்டேன். ஒருவர் குருவி முட்டை என்றார். இன்னொருவர் குளவிக் கூடு, உடனே எரியுங்கள் என்று அவசரப்பட்டார். பட்டுப்பூச்சிக் கூடாக இருக்கலாம் என்று ஒரு பெண் எழுத, எனக்குச் சிரிப்பு வந்தது. பட்டுக்கூடு வெள்ளையாக, பஞ்சு மாதிரி இருக்கும் என்பதுகூடவா எனக்குத் தெரியாது? கடைசியில் ஒருவர், காம்பை மட்டும் கிட்டத்தில் எடுத்து அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன். அந்த மோதிரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் எழுதினார். டஸ்ஸர் பட்டுப்பூச்சி. வீட்டில் வளர்க்கிற வகை இல்லை, காட்டில் இருக்கிறது. மருதம், இலந்தை, பாதாம் இலைகளைத் தின்னும். கிண்டிக் காட்டிலிருந்து ஒரு தாய்ப்பூச்சி வந்து உங்கள் மரத்தில் முட்டை வைத்திருக்கலாம்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. எத்தனை வருஷம் டஸ்ஸர் புடவையை விரித்துக் காட்டியிருக்கிறேன். டஸ்ஸர் என்றால் என்ன என்று கேட்டவர்களிடமெல்லாம், "அது வடக்க ஒரு ஊர் பேரு மேடம், காஞ்சிபுரம் மாதிரி," என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்து விட்டிருக்கிறேன். இந்நேரம் அந்த ஊரைத் தேடி எத்தனை பேர் அலைகிறார்களோ.

படித்தேன், ஃபோனில் படங்களை நம்முடையதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பச்சைப் புழு நாலு முறை தோலை உரித்து விரல் தடிமனுக்கு வளர்கிறது. பிறகு தானே நூல் விட்டு, முதலில் கிளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அதில் தொங்கியபடி தன்னைச் சுற்றிக் கூட்டைக் கட்டி மூடிக்கொள்கிறது. உள்ளே கூட்டுப்புழுவாகிக் காத்திருக்கிறது. வெயில் காலத்தில் கட்டிய கூடு என்றால் மழை வரும்வரைகூட மாதக்கணக்கில் அப்படியே கிடக்குமாம். உயிர் இருக்கிறதா என்று அறிய ஆட்டிப் பார்ப்பார்களாம். மெத்தென்று இடித்தால் உயிர் இருக்கிறது. கலகலவென்று சத்தம் வந்தால் உள்ளே காய்ந்துவிட்டது.

குழுவில் சொன்னபடி கூட்டை நூலில் கட்டி, அறை ஜன்னலில் கொசுவலைக்கு உட்பக்கம் தொங்கவிட்டேன். வெளியே விட்டால் காக்கை கொத்திவிடும். அவர் நாற்காலியை அதற்கு எதிரே திருப்பிப் போட்டேன். கத்திரி வெயில் முழுக்க நாங்கள் மூன்று பேரும் அந்த அறையில்தான் வெந்தோம். எனக்குப் பொறுமை போகும்போதெல்லாம் போய்க் கூட்டை ஆட்டிப் பார்ப்பேன். மெத். அவரையும் தோளைப் பிடித்து அப்படி ஒரு ஆட்டு ஆட்டிக் கேட்டுவிட முடிந்தால் தேவலை என்று இருக்கும். அவர் வாயைத் துடைத்துவிடும்போது கண்ணுக்குள் பார்ப்பேன். அவரும் பார்ப்பார். கோடையில் குளத்தைப் பார்த்தால் தண்ணீர் இருக்கிறதா, கானலா என்று தெரியாதே, அந்த மாதிரி.

காலையில் வரும் பெண்ணுக்கு இந்தக் கூடு பிடிக்கவில்லை. அவள் கடற்கரைக் குப்பத்துப் பெண், வாய் ஓயாது. "இன்னாக்கா இது, ஊட்டுக்குள்ள தொங்க வுட்டுக்கினு கீற? ராவுல காதுல பூந்துக்கப் போவுது. நைனா, நீயாச்சும் சொல்லேன்." அவரை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள்.

"அப்புறம்," என்பார் நைனா.

"பாத்தியா, அப்பால தூக்கிப் போடுன்னுது," என்பாள் அவள். அவரவருக்கு வேண்டியதை அந்தச் சொல்லிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனி மாதக் கடைசியில் இரண்டு நாள் சாயங்காலம் இடி இடித்து மழை கொட்டியது. இரண்டாம் நாள் விளக்கு வைத்த நேரத்தில் கூட்டின் மேல்முனை ஈரமாகிக் கறுத்திருந்தது. முதலில் ஜன்னல் ஒழுகுகிறது என்று நினைத்தேன். கிட்டே போனால் உள்ளிருந்து சொரசொரவென்று சத்தம். கடித்து வரவில்லை அது; கடிக்க அதற்கு வாய் கிடையாது. ஏதோ நீரை உமிழ்ந்து, தான் நூற்ற நூலையே இளக்கி, தலையால் முட்டி விலக்கிக்கொண்டு வந்தது. நனைந்த துணியைப் பிழிந்து போட்ட மாதிரி ஒரு உருவம். கொசுவலையைப் பிடித்துத் தொங்கியது. பார்க்கப் பார்க்க இறக்கை இறங்கி விரிந்தது. என் கை அகலம் போதாது. மஞ்சள் கலந்த பழுப்பு, நாலு இறக்கையிலும் ஒவ்வொரு வட்டம், வட்டத்துக்கு நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு ஓட்டை. அதன் வழியே வலையின் கண்கள் தெரிந்தன. மீசை ஒல்லியாக, வயிறு பருத்து இருந்ததால் பெண் என்று கண்டுகொண்டேன்.

வாயில்லாத பூச்சி. சாப்பாடு, தண்ணீர் எதுவும் கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துக்கொண்டு ஒரு வாரமோ கொஞ்சம் கூடவோ இருக்கும், அவ்வளவுதான். அதற்குள் துணை வந்து, முட்டை வைத்துவிட வேண்டும். தேடிப் போகவும் போகாது. இருந்த இடத்தில் இருந்து வாசனையை விடும், ஆண் தேடிக்கொண்டு வரும். நகராமல் உட்கார்ந்து கூப்பிட்டால் யாராவது வருவார்கள் என்பது அதன் நம்பிக்கை. எனக்கு அதன் மேல் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

மறுநாள் விடியற்காலை அவருக்குத் துணி மாற்ற எழுந்தேன். வழக்கம் போல அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தால், வலைக்கு வெளிப்பக்கம், கம்பிகளுக்கு நடுவே, மூன்று பூச்சிகள். செம்பழுப்பு நிறம், சீப்பு மாதிரி அகலமான மீசை. ஆண்கள். காட்டிலிருந்து, இத்தனை மொட்டை மாடிகளையும் விளக்குகளையும் தாண்டி வந்திருக்கின்றன. உள்ளே அவள், வெளியே இவர்கள், நடுவில் நான் ஒட்டவைத்த கொசுவலை. ஒன்று வலையில் மோதி மோதி இறக்கை ஓரம் கிழிந்திருந்தது.

வலையைப் பிரித்துவிடலாம் என்று முக்காலியைப் போட்டு ஏறி, மேல்முனையைப் பிடித்தேன்.

"அப்புறம்," என்றார் பின்னாலிருந்து.

"இருங்க, திறந்து விட்டுடறேன்."

"அப்புறம். அப்புறம்." குரல் ஏறியது.

"அப்புறம் இல்லீங்க, இப்பவே." வலையின் ஓரத்தை இழுத்தேன், கொஞ்சம் பிரிந்தது. உள்ளே இருந்த பூச்சி படபடத்தது.

அவர் கத்தினார். அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. எரிச்சலோடு திரும்பினேன், ஏதோ சுடச்சுடச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தலையை முடிந்தவரை பின்னுக்குச் சாய்த்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை இறக்கிச் சுவரைப் பார்த்தார். பிறகு பூச்சியை. பிறகு மறுபடி மேலே. இடது கை நாற்காலியின் பிடியைப் படபடவென்று அடித்தது.

மேலே ஃபேன் ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் அதன் சுவிட்ச்.

பூச்சி உள்ளே பறந்திருந்தால் ஒரே வெட்டு. முக்காலியிலிருந்து இறங்கிப் போய் ஃபேனை அணைத்தேன். இறக்கைகள் சுற்றி ஓய்ந்து நின்றன. அவர் கையும் நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, கீழ்ஸ்தாயியில், "அப்புறம்," என்றார். பல வருஷம் கேட்ட ராகம் அது. ஃபோனில் எதிராளி ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்ததும், சரி, மேலே சொல்லு என்பதற்கு அவர் சொல்வது.

நான் மேலே ஏறி வலையைப் பிரித்தேன். பூச்சி அறைக்குள் பறக்கவில்லை. அசையாமல் வலையிலேயே இருந்தது. கிழிந்த இறக்கைக்காரன் ஊர்ந்து வந்து சேர்ந்தான். இரண்டும் ஜன்னல் கம்பியில் ஒட்டிக்கொண்டு பகல் முழுக்க அசையவே இல்லை. நானும் ஃபேனைப் போடவே இல்லை. வேர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தேன். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. சந்தோஷம்தான் முதலில் வந்தது, பொய் சொல்லவில்லை. அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்த பிறகு வந்தது பயம். உள்ளே ஆள் இருக்கிறார். இத்தனை நாளும் இருந்திருக்கிறார். என் முணுமுணுப்பு, மகனோடு நான் ஃபோனில் பேசியது, பெருங்குடி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். காய்ந்துபோன கூடு என்றால் தூக்கிப் போடலாம். இதை எங்கே கொண்டுபோய் வைக்க முடியும்?

மத்தியானம் மகன் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டேன். வழக்கமாகப் போடமாட்டேன்.

"என்னம்மா, முடிவு பண்ணிட்டியா? அவங்க இடம் யாருக்காவது குடுத்துடுவாங்க. நான் சனிக்கிழமை வந்துடட்டுமா?"

ஃபேன் விஷயத்தைச் சொன்னேன். அவன் பக்குவமாக, குழந்தைக்குச் சொல்வது போல, "ஃபேனப் பாத்தாருன்னா எல்லாம் புரியுதுன்னு அர்த்தமாம்மா? கடையில வேற கேட்டாங்கன்னு சொன்ன. நீ போகணும்மா. உனக்கும் ஒரு வாழ்க்கை வேணாமா?" என்றான்.

வேண்டும் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கடைக்குக் கட்டிப் போகும் யூனிஃபார்ம் புடவையைப் போன வாரமே தேய்த்து, பீரோவில் மேலாக வைத்திருந்தேன். அதன் மடிப்பு எனக்குக் கண்ணில் நின்றது. அவர் நாற்காலியில், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். வேண்டுமென்றே என்னைப் பார்க்காமல் இருக்கிறார் என்று இப்போது எனக்குத் தெரிந்தது. நான் எதைச் சொன்னாலும் சொல்லிக்கொள் என்று விட்டுவிட்டது போல அந்தப் பிடரி இருந்தது.

"இப்ப வேணாம்டா," என்றேன்.

"பின்ன எப்பம்மா?"

பதில் யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்தது.

"அப்புறம்."

அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார், யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி.